இணையப் பக்கத்தை நெல்லாகச் சேர்ப்பதா, அரிசியாகவா?

மூன்று வருடங்களுக்கு முன்பு ஏரிப் பாசனம் பற்றிக் குறிப்புகள் சேர்த்துக்கொண்டிருந்தேன். செங்கல்பட்டு பக்கத்து ஏரிகளின் பரப்பு, கொள்ளளவு, மதகுகளின் எண்ணிக்கை எல்லாம் ஒரே இடத்தில் இருந்த நல்ல கட்டுரை ஒன்று கண்ணில் பட்டது. விளம்பரம், ஓரப்பட்டை, ‘இதையும் படியுங்கள்’ எல்லாவற்றையும் கழித்துவிட்டு எழுத்தை மட்டும் எடுக்கும் ஓர் உலாவி நீட்சியால் அதைச் சேமித்தேன். பார்க்க அழகாக இருந்தது. போன வருடம் அந்த எண்கள் தேவைப்பட்டுத் திறந்தால் கட்டுரை இருக்கிறது, அட்டவணையைக் காணோம். ‘கீழே உள்ள அட்டவணையைப் பார்க்கவும்’ என்ற வரிக்குக் கீழே அடுத்த பத்தி ஒன்றும் நடக்காததுபோல் தொடங்குகிறது. மூலப் பக்கத்துக்குப் போய்ப் பார்த்தேன். தளத்தையே புதுப்பித்துவிட்டார்கள். பழைய முகவரி எதை அழுத்தினாலும் முகப்பில் போய் விழுகிறது.

ப்யூ ஆய்வு மையம் 2024இல் வெளியிட்ட கணக்கின்படி, 2013இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 சதவீதம் பத்தே ஆண்டுகளில் காணாமல் போய்விட்டன. கூகுள் தேடலில் பக்கத்தின் சேமித்த பிரதியைக் காட்டிவந்த ‘கேச்’ இணைப்பையும் அதே 2024இல் எடுத்துவிட்டார்கள். அதனால் முகவரியை மட்டும் குறித்துவைப்பதை ஒரு வழியாகவே நான் இங்கே எண்ணவில்லை. பக்கத்தையே வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். எந்த வடிவத்தில் என்பதுதான் கேள்வி.

பெரும்பாலானவர்கள் எந்த மென்பொருளில் சேர்ப்பது என்று இதை வேறு மாதிரி கேட்கிறார்கள்: சோட்டெரோவா, ஆப்சிடியனா, ஜாப்ளினா, மேக் இருந்தால் டெவன்திங்க்கா? என் அனுபவத்தில் அது இரண்டாவது கேள்வி. மென்பொருளை நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம். சேமித்த கோப்பில் இல்லாததை எந்த மென்பொருளும் கொண்டுவந்து தராது. நெல்லாக வைத்திருந்தால் வேண்டும்போது குத்தி அரிசியாக்கிக்கொள்ளலாம், அரிசியை மறுபடி நெல்லாக்க முடியாது. ‘சுத்தமாகச் சேமி’ என்று ஒரு பொத்தானை அழுத்தும்போது, எது உமி என்ற முடிவை நமக்குத் தெரியாத ஒரு நிரலிடம் விட்டுவிடுகிறோம். அந்த நிரல் அதை எப்படி முடிவு செய்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

எழுத்தை மட்டும் எடுக்கும் வழி

2009இல் ஆர்க்90 என்ற நிறுவனம் ‘ரீடபிலிட்டி’ என்று ஒரு சிறிய நிரலை வெளியிட்டது. அடுத்த வருடமே ஆப்பிள் அதை எடுத்து சஃபாரி 5இல் ‘ரீடர்’ என்று வைத்தது. 2015இல் கணினிக்கான ஃபயர்ஃபாக்ஸிலும் வாசிப்பு முறை வந்தது. அதற்காக மொசில்லா பராமரிக்கும் திறமூல நூலகம்தான் இன்று பல சேமிப்பு நீட்சிகளின் வயிற்றுக்குள் இருக்கிறது.

அது வேலை செய்யும் விதம் எளிமையானது, கொஞ்சம் வேடிக்கையானதும்கூட. பக்கத்தில் உள்ள ஒவ்வொரு பத்திக்கும் மதிப்பெண் போடுகிறது. பத்தி என்று இருந்தாலே ஒன்று. அதில் எத்தனை காற்புள்ளி இருக்கிறதோ அதற்கேற்ப இன்னும் கொஞ்சம். ஒவ்வொரு நூறு எழுத்துக்கும் ஒன்று வீதம் மூன்று வரை. இந்த மதிப்பெண்கள் பத்தியைச் சுற்றியுள்ள பெட்டிகளுக்குப் போகின்றன. பக்கத்தை எழுதியவர் பெட்டிக்கு வைத்த பெயரில் ‘சைட்பார்’, ‘கமென்ட்’, ‘ஃபுட்டர்’ போன்ற சொல் இருந்தால் மதிப்பெண் குறையும். இணைப்புகள் மண்டிக்கிடக்கும் பெட்டிக்கும் குறையும். அதிக மதிப்பெண் வாங்கிய பெட்டிதான் ‘கட்டுரை’. மற்றவை குப்பை.

செய்திக் கட்டுரைக்கு இது அருமையாகப் பொருந்தும். ஆய்வுக்கு எங்கே இடிக்கும் என்றால், பழைய ரீடபிலிட்டியின் கழித்தல் பட்டியலில் ‘ஃபுட்நோட்’ என்ற சொல்லே இருந்தது. அடிக்குறிப்பு அதற்கு உமி! 25 எழுத்துக்குக் குறைவான பத்தி மதிப்பெண் கணக்கில் சேராது என்பது இன்னொரு விதி. கணினி எண்ணும்போது தமிழில் உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் தனித்தனி எழுத்துகள்தான், ‘தமிழ்’ என்பதே ஐந்து. அப்படியும் வெண்பாவின் மூன்று சீர் ஈற்றடி பெரும்பாலும் 25க்குள் அடங்கிவிடும். அடிக்கு ஒரு பத்தியாக அமைத்த பக்கத்தில் பாட்டைவிட அதன் கீழே உள்ள உரைக்கே மதிப்பெண் ஏறும். பாட்டு ஒரு பெட்டியிலும் உரை இன்னொரு பெட்டியிலும் இருந்தால் உரை மட்டும் உங்கள் தரவுத்தளத்துக்கு வந்து சேரும்.

என் அட்டவணை தொலைந்ததற்குக் காரணம் இன்னும் சாதாரணமானது. அது பக்கத்துக்குள் பதிக்கப்பட்ட வேறொரு தளத்தின் விரிதாள், அதாவது பக்கத்துக்குள் ஒரு குட்டிச் சட்டகம். விளம்பரங்கள் வருவதும் இதே மாதிரிச் சட்டகங்களில்தான். அதனால் தெரிந்த சில காணொளித் தளங்களின் சட்டகங்களை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் ரீடபிலிட்டி தூக்கிப் போடுகிறது. போட்டதைச் சொல்வதும் இல்லை. எனக்கு இருக்கும் மனத்தாங்கல் அதுதான்: தவறு செய்வது சரி, ‘இங்கே ஒன்றை எடுத்தேன்’ என்று ஒரு கோடாவது போட்டிருக்கலாம்.

இந்த வகையில் இன்று அதிகம் பேசப்படுவது ஆப்சிடியனின் வெப் கிளிப்பர். 2024 இறுதியில் வந்தது, இலவசம், திறமூலம். ரீடபிலிட்டிக்குப் பதில் டிஃபடில் என்ற தனி நூலகத்தைப் பயன்படுத்துகிறது. அடிக்குறிப்பு, கணிதம், நிரல்வரிகள் ஆகியவற்றை ஒழுங்காக மார்க்டவுனுக்கு (தலைப்பு, தடித்த எழுத்து போன்றவற்றைச் சாதாரணக் குறிகளால் காட்டும் எழுத்து வடிவம்) கொண்டுவர அதில் கூடுதல் அக்கறை எடுத்திருக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்தது அதன் வார்ப்புருக்கள்தான். தலைப்பு, ஆசிரியர், வெளியான தேதி, மூல முகவரி, சேமித்த நாள் எல்லாம் கோப்பின் தலையில் தனித்தனிப் புலங்களாக வந்து உட்கார்ந்துவிடும். தளத்துக்கு ஒரு வார்ப்புரு என்றுகூட வைத்துக்கொள்ளலாம். கோப்பு வெறும் எழுத்துக் கோப்பு. சில பத்து கிலோபைட்டில் ஒரு நீண்ட கட்டுரை அடங்கும். இருபது வருடம் கழித்தும் நோட்பேடில் திறக்கும்.

இதில் ஒரு பள்ளம் உண்டு. கிளிப்பர் படங்களைக் கொண்டுவருவதில்லை, படங்களின் முகவரியைத்தான் கொண்டுவருகிறது. இணையம் இருக்கும்போது குறிப்பைத் திறந்தால் படம் தெரிவதால் நாம் ஏமாந்துபோகிறோம். அந்தத் தளம் போனால் படமும் போயிற்று. ஆப்சிடியனில் இப்போது திறந்திருக்கும் குறிப்பின் படங்களைப் பதிவிறக்க ஒரு கட்டளை இருக்கிறது. ஒவ்வொரு முறையும் அதை மறக்காமல் ஓட்ட வேண்டும். ஜாப்ளினின் கிளிப்பர் இந்த விஷயத்தில் பரவாயில்லை, படங்களையும் சேர்த்தே இறக்கித் தன் கிடங்கில் வைத்துக்கொள்கிறது. எளிமையாக்கிய பக்கமா, முழுப் பக்கமா, தேர்ந்தெடுத்த பகுதியா, திரைப்பிடிப்பா என்று சேமிக்கும் முன்பே கேட்டுவிடுகிறது. முழுப் பக்கத்தை மார்க்டவுனாகவும் எடுக்கலாம், இணையப் பக்கத்தின் சொந்த வடிவமான எச்டிஎம்எல்லாகவும் எடுக்கலாம். கணினியில் ஜாப்ளின் திறந்திருந்தால்தான் கிளிப்பர் வேலை செய்யும் என்பது ஒரு சின்னத் தொல்லை.

மார்க்டவுனுக்கென்றே ஓர் எல்லை இருக்கிறது. இரண்டு மூன்று கட்டங்களை ஒன்றாக்கிய அட்டவணையை அதில் எழுத முடியாது. அரசு அறிக்கைகளில் வருவதெல்லாம் அப்படிப்பட்ட அட்டவணைகள்தான். புள்ளிவிவரம் நிறைந்த பக்கம் என்றால் இந்த வழியை நான் தொடுவதில்லை.

பிடிஎஃப்: எல்லோரும் முதலில் போகும் இடம்

கன்ட்ரோல், பி, ‘பிடிஎஃப்பாகச் சேமி’. நீட்சி வேண்டாம், கணக்கு வேண்டாம். வழிகாட்டிப் பேராசிரியர் முதல் வழக்கறிஞர் வரை யாருக்கு அனுப்பினாலும் திறக்கும். பக்க எண் இருப்பதால் மேற்கோள் காட்டவும் வசதி. இத்தனை இருந்தும், தமிழில் ஆய்வு செய்பவர்களுக்கு இதை நான் பரிந்துரைக்கத் தயங்குவேன்.

பிடிஎஃப் சேமிப்பது எழுத்தின் வடிவத்தை. ‘பொருள்’ என்று எழுதினால் ஒருங்குறியில் (யூனிகோடில்) முதலில் ப, பிறகு ஒகரக் குறி. தாளில் அந்தக் குறி இரண்டாக உடைந்து, கொம்பு முன்னால், கால் பின்னால். பிடிஎஃப் இந்தக் காட்சி வரிசையில்தான் வடிவங்களை அடுக்குகிறது. எந்த வடிவம் எந்த எழுத்து என்று சொல்லும் பட்டியல் உள்ளே சரியாக இல்லையென்றால், வெட்டி ஒட்டும்போது கொம்பு முதலிலும் ப பிறகுமாக வந்து விழும். கண்ணுக்குச் சரியாகத் தெரியும், தேடினால் கிடைக்காது. ஆயிரம் பிடிஎஃப் சேர்த்து வைத்துவிட்டு ‘கொள்ளளவு’ என்று தேடி ஒன்றுமே வராமல் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும்? எல்லா எழுத்துருவிலும், எல்லா உலாவியிலும் இப்படி ஆகும் என்று இல்லை. உங்கள் கணினியில் ஒரு தமிழ்ப் பக்கத்தைப் பிடிஎஃப்பாக்கி, அதில் எ, ஏ, ஐ, ஒ, ஓ, ஔ வரிசை எழுத்துகள் வரும் ஒரு வரியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். இரண்டு நிமிட வேலை. சரியாக வந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி.

இன்னொன்று மேலே ஒட்டிக்கொண்டே வரும் மெனு பட்டை. திரையில் உருட்டும்போது அது கூடவே வருவது வசதி. அச்சிடும்போது சில தளங்களில் அதே பட்டை ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் உட்கார்ந்து இரண்டு மூன்று வரிகளை மறைத்துவிடும். அச்சுக்கென்று தனி வடிவமைப்பு எழுதிய தளங்களில் இது நடக்காது, அப்படி மெனக்கெடுபவர்கள் குறைவு. ஃபயர்ஃபாக்ஸின் வாசிப்பு முறைக்குப் போய் அங்கிருந்து அச்சிட்டால் பட்டை போய்விடும். ஆனால் சுற்றி வளைத்து மறுபடி அதே ரீடபிலிட்டியிடம்தான் வந்து நிற்கிறோம்.

பக்கத்தை அப்படியே ஒரே கோப்பாக

உலாவியின் ‘முழுப் பக்கமாகச் சேமி’ கட்டளை ஒரு கோப்பும் அருகில் ஒரு கோப்புறையுமாகத் தரும். கோப்பை இடம் மாற்றிக் கோப்புறையை விட்டுவிட்டால் படமில்லாத எலும்புக்கூடுதான் மிஞ்சும். இதற்குத் தீர்வாக 1999லேயே எம்எச்டிஎம்எல் என்ற வடிவம் வந்தது. குரோம் இன்றும் அதில் சேமிக்கிறது, ஃபயர்ஃபாக்ஸ் நேரடியாகத் திறக்காது. ஃபயர்ஃபாக்ஸ்காரர்களுக்கு மாஃப் என்று தனி வடிவமும், ஸ்க்ராப்புக் என்று ஓர் அருமையான நீட்சியும் இருந்தன. 2017 நவம்பரில் ஃபயர்ஃபாக்ஸ் 57 வந்து பழைய வகை நீட்சிகளையெல்லாம் நிறுத்தியபோது இரண்டும் நின்றுபோயின. பின்னால் வந்த வெப்ஸ்க்ராப்புக் அந்தப் பழைய சேமிப்புகளைத் திறக்க உதவுகிறது. ஆப்பிளின் வெப்ஆர்கைவ் வடிவமும் ஆப்பிள் வீட்டை விட்டு வெளியே வந்தால் திண்டாட்டம்தான். ஒரு மென்பொருளுக்கு மட்டும் தெரிந்த வடிவத்தில் ஆயிரக்கணக்கில் சேர்ப்பது பற்றி இந்தக் கதைகளைக் கேட்ட பிறகு எனக்குப் பயம் வந்துவிட்டது.

சிங்கிள்ஃபைல் இங்கேதான் என் மனதைப் பிடித்தது. கில்தாஸ் லோர்மோ என்பவர் எழுதிய திறமூல நீட்சி. படம், எழுத்துரு, வடிவமைப்பு, உள்ளே பதித்த சட்டகம் எல்லாவற்றையும் எழுத்தாக மாற்றி ஒரே எச்டிஎம்எல் கோப்புக்குள் திணித்துவிடுகிறது. ஓடும் நிரல்களை வழக்கமாகக் கழற்றிவிடுகிறது. எந்த உலாவியிலும் திறக்கும், இணையம் வேண்டாம். கோப்பின் முதல் சில வரிகளில் மூல முகவரியையும் சேமித்த தேதியையும் குறிப்பாக எழுதி வைக்கிறது. நீங்கள் கோப்புக்கு என்ன பெயர் வைத்து எங்கே தூக்கிப் போட்டாலும் பிறப்புச் சான்றிதழ் கூடவே போகும். சேமிக்கும் முன்பு பக்கத்தைத் திருத்தும் வசதியும் இருக்கிறது. விளம்பரத்தை, மேல் பட்டையை நீங்களே சொடுக்கி நீக்கலாம். அதாவது உமி எது என்பதை நீங்கள் முடிவு செய்கிறீர்கள்.

குறை என்றால் பருமன். படத்தை எழுத்தாக மாற்றும்போதே அது மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். என் சேமிப்பில் ஒரு செய்திப் பக்கம் சாதாரணமாக இரண்டு, மூன்று மெகாபைட். படம் நிறைந்தது என்றால் பத்தைத் தாண்டும். ஆயிரம் பக்கத்துக்கு மூன்று ஜிகாபைட் என்று வைத்துக்கொள்ளுங்கள். மடிக்கணினிக்கு அது ஒன்றுமில்லை, கைபேசியோடு ஒத்திசைத்து வைத்துக்கொள்பவர்களுக்குச் சுமை.

தமிழுக்கு இந்த வழியில் ஒரு தனி லாபம் உண்டு. ஒருங்குறி பரவுவதற்கு முன்பு தமிழ்த் தளங்கள் டிஸ்கி, டாப், டாம் என்றும், பத்திரிகைக்கு ஒன்றாகவும் தனித்தனிக் குறியாக்கங்களில் இருந்தன. தமிழ் இலக்கியங்களை மின்னூலாக்க 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம்கூட ஆரம்ப ஆண்டுகளில் டிஸ்கியில் நூல்களை ஏற்றியது, பிறகுதான் ஒருங்குறிக்கு மாறியது. அந்தக் காலத்துப் பக்கம் ஒன்றை இன்று மார்க்டவுனாக எடுத்தால் கிடைப்பது அர்த்தமில்லாத ரோமன் எழுத்துக் குவியல். பக்கம் தன் எழுத்துருவைத் தானே கொண்டுவந்து உலாவியில் சரியாகத் தெரிந்தால், சிங்கிள்ஃபைல் அந்த எழுத்துருவோடு சேர்த்துப் பிடித்துவிடும், படிக்க முடியும். தேட முடியாதுதான். அதற்கு என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற ஒன்றால் மாற்றி அருகிலேயே ஒரு பிரதி வைக்க வேண்டும்.

கோப்புப் பெயர் விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். லினக்ஸில் ஒரு கோப்பின் பெயர் 255 பைட்டைத் தாண்டக் கூடாது. ஒருங்குறித் தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் வழக்கமான யுடிஎஃப்-8 முறையில் மூன்று பைட் பிடிக்கும். ஆக 85 எழுத்து, அதிலும் குறிகளும் புள்ளிகளும் தனிக் கணக்கு. நம் பத்திரிகைத் தலைப்புகள் இதை அலட்சியமாகத் தாண்டும். பெயரின் தொடக்கத்தில் தேதியை வைத்துவிட்டால் வால் வெட்டுப்பட்டாலும் கோப்பு எதுவென்று தெரியும்.

எங்கே கொண்டுபோய் வைப்பது

வடிவத்தை முடிவு செய்தால் மென்பொருள் தேர்வு பாதி முடிந்தது. மேற்கோளும் நூற்பட்டியலும் எழுதவேண்டியவர் என்றால் சோட்டெரோவைத் தாண்டி யோசிக்க எனக்குக் காரணம் தெரியவில்லை. 2006இல் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தின் வரலாற்று மையத்திலிருந்து வந்த இலவச மென்பொருள். உலாவியில் அதன் பொத்தானை அழுத்தினால் தலைப்பு, ஆசிரியர், நாள், பார்த்த தேதி எல்லாம் பதிவாகும். கூடவே பக்கத்தின் பிரதி ஒன்றும் வரும், அதை எடுப்பது உள்ளே பொதிந்த சிங்கிள்ஃபைல்தான். 2024இல் வந்த ஏழாம் பதிப்பிலிருந்து அந்தப் பிரதியைச் சோட்டெரோவுக்குள்ளேயே திறந்து மஞ்சள் கோடு போட்டுக் குறிப்பு எழுதலாம். முன்பு பிடிஎஃப்புக்கு மட்டுமே இருந்த வசதி. அதுவரை பிடிஎஃப்பை விடாமல் பிடித்துக்கொண்டிருந்த என் நண்பர்கள் சிலர் அதற்குப் பிறகுதான் மாறினார்கள்.

தளத்துக்குத் தளம் தனியாக எழுதிய சிறு நிரல்கள் மூலம்தான் சோட்டெரோ இந்த விவரங்களைத் துல்லியமாக எடுக்கிறது. அப்படி ஒன்று எழுதப்படாத தளமென்றால் பக்கத்துக்குள் மறைவாக இருக்கும் மேல்தகவலை நம்பும். நம் ஊர்த் தளங்கள் பலவற்றில் அந்தத் தகவல் அரைகுறை. ஆசிரியர் பெயர் இருக்கும் இடத்தில் ‘அட்மின்’ என்று வந்து நிற்கும். சேமித்த கையோடு ஒரு பார்வை பார்த்துத் திருத்திவிடுவது நல்லது. ஆறு மாதம் கழித்து நூற்பட்டியலில் ‘அட்மின்’ எழுதிய பதினேழு கட்டுரைகளைப் பார்த்துச் சிரிக்கவும் முடியாது. இலவச ஒத்திசைவு இடம் 300 மெகாபைட்தான், பக்கத்துக்கு மூன்று மெகாபைட் என்றால் நூறு பக்கத்தில் நிரம்பிவிடும். காசு கொடுத்துக் கூட்டலாம், சொந்தமாக வெப்டாவ் சேவையகம் (கோப்புகளை இணையம் வழியே வைத்து எடுக்க உதவும் கணினி) இருந்தால் கோப்புகளை அங்கே வைக்கலாம், அல்லது ஒத்திசைவே வேண்டாம் என்று வெளி வன்தட்டில் பிரதி எடுக்கலாம். நான் மூன்றாவது ஆள்.

டெவன்திங்க் மேக்காரர்களுக்கு மட்டும், அதுவும் காசு. ஆனால் ஒரே பொத்தானில் பிடிஎஃப், மார்க்டவுன், வெப்ஆர்கைவ், எச்டிஎம்எல் என்று எதிலும் எடுக்கலாம். குப்பை நீக்கியா, நீக்காமலா என்று தனியாக ஒரு சரிக்குறி உண்டு. முழுதாக எடுத்து வைத்ததைப் பின்னால் உள்ளேயே வேறு வடிவத்துக்கு மாற்றவும் முடியும். நெல்லும் உரலும் ஒரே வீட்டில். ஆயிரக்கணக்கான ஆவணங்களுக்கு நடுவே ஒத்த விஷயமுள்ளவற்றைத் தானே எடுத்துக் காட்டுவது அதன் புகழ்பெற்ற திறமை. நூற்பட்டியல் எழுதுவது அதன் வேலை இல்லை.

எழுதுவதற்காகவே குறிப்பெடுப்பவர், ஒரு குறிப்பிலிருந்து இன்னொன்றுக்கு இணைப்புப் போட்டுக்கொண்டே யோசிப்பவர் என்றால் ஆப்சிடியன். ஆசிரியர்கள், பத்தி எழுதுபவர்கள் பலருக்கு இதுவே போதும். ஆனால் அதைச் சான்றாக நினைக்கக் கூடாது. நாளைக்கு ஒருவர் ‘அந்தப் பக்கத்தில் அப்படி இல்லையே’ என்று சொன்னால், யார் வேண்டுமானாலும் தட்டச்சு செய்திருக்கக்கூடிய எழுத்துக் கோப்பு ஒன்றைக் காட்டி என்ன பயன்?

அந்தச் சந்தேகம் வரக்கூடிய பக்கங்களுக்கு மூன்றாவது ஆள் ஒருவரின் சாட்சி வேண்டும். இணைய ஆவணக் காப்பகத்தின் வேபேக் மெஷினில் ‘இப்போதே சேமி’ கொடுத்து அந்த முகவரியையும் குறித்து வைப்பேன். அதை மட்டும் நம்பியும் இருக்க மாட்டேன். 2024 அக்டோபரில் அந்தக் காப்பகமே தாக்குதலுக்கு உள்ளாகிப் பல நாள் முடங்கியது. தவிர, பக்கத்தை எடுப்பது அவர்களுடைய சேவையகம், உங்கள் உலாவி அல்ல. சந்தா கட்டி உள்ளே போய் நீங்கள் படிக்கும் கட்டுரை அதற்கு ‘உள்நுழையவும்’ என்ற பக்கமாகத்தான் தெரியும். உங்கள் உலாவிக்குள் ஓடும் நீட்சிகளோ நீங்கள் காண்பதையே பிடிக்கும். இந்த வித்தியாசம் தெரியாமல் ‘உள்நுழையவும்’ பக்கங்களாகவே ஐம்பது சேர்த்து வைத்திருந்தவரை எனக்குத் தெரியும். கண்ணாடியில் பார்த்தால் இன்றும் தெரிகிறார்.

‘பிறகு படி’ சேவைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆம்னிவோர் 2024 நவம்பரில் மூடியது. 2007இல் தொடங்கி, மொசில்லா கைக்குப் போன பாக்கெட் 2025 ஜூலையில் மூடியது. பாக்கெட்டிலிருந்து ஏற்றுமதி செய்தபோது கிடைத்த பட்டியலில் தலைப்பும் முகவரியும் குறிச்சொல்லும் இருந்தன, கட்டுரைகள் இல்லை. சொந்தமாகச் சேவையகம் நடத்தத் தெரிந்தவர்களுக்கு வாலபேக் உண்டு. சொடுக்கச் சொடுக்க விரியும் வரைபடம் போன்ற பக்கங்களுக்கு மட்டும் வார்க் வடிவமும் ஆர்கைவ்வெப்.பேஜ் நீட்சியும் தேவைப்படும். நூலகங்கள் பயன்படுத்தும் தரம் அது, ஐஎஸ்ஓ 28500. திறக்கவே தனி மென்பொருள் வேண்டும் என்பதால் தினசரி வேலைக்கு ஆகாது.

என் ஏற்பாடு இப்போது இப்படி: எந்தப் பக்கமானாலும் முதலில் கடைசி வரை ஒரு தடவை உருட்டிவிடுவேன், உருட்டினால்தான் சில தளங்களில் படங்கள் வந்து சேரும். பிறகு சோட்டெரோ பொத்தான். முழுப் பிரதி அங்கே போய்விடும். ஆசிரியர், தேதி சரிபார்ப்பு. உண்மையிலேயே உட்கார்ந்து படித்து எழுதப்போகும் கட்டுரை என்றால் மட்டும் ஆப்சிடியன் கிளிப்பரால் இன்னொரு பிரதி. பத்தில் இரண்டுக்குத்தான் அது நடக்கிறது. மார்க்டவுன் பிரதியை மேலிருந்து கீழே ஒரு முறை மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பேன். ‘கீழே’, ‘அட்டவணை’, ‘படம்’ என்ற சொற்கள் வரும் இடங்களில் கொஞ்சம் கூடுதலாக. அரை நிமிடம் ஆகும்.

தேடலில் ஒரு சின்ன எச்சரிக்கை. ‘கொ’வில் உள்ள ஒகரக் குறியை ஒருங்குறியில் ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலும் தனித்தனியாகவும் எழுதலாம். இரண்டும் திரையில் ஒன்றுபோலவே இருக்கும். தேடும் மென்பொருள் இரண்டையும் சமமாக எடுத்துக்கொள்ளாவிட்டால் ஒன்று சிக்கும், மற்றது நழுவும். ஔகாரத்தில் இன்னும் மோசம், ளகரத்தையே போட்டுத் தட்டச்சு செய்த பக்கங்கள் ஏராளம். எதுவும் கிடைக்கவில்லை என்று முடிவுகட்டும் முன் அந்தக் குறி வராத வேறொரு சொல்லைப் போட்டும் தேடிப் பாருங்கள்.

அந்த ஏரி அட்டவணையைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேனே. வேபேக் மெஷினில் கட்டுரை கிடைத்தது, விரிதாள் இருந்த இடத்தில் வெள்ளைப் பெட்டி. கடைசியில் என்னோடு சேர்ந்து அப்போது அதைப் படித்த நண்பர் ஒருவர் கைகொடுத்தார். நீட்சி, தரவுத்தளம் எதையும் நம்பாதவர். பக்கத்தை அன்றைக்கே பிரிண்ட் எடுத்துக் கட்டைக் கோப்பில் குத்தி வைத்திருந்தார். வாங்கி வந்து எண்களைத் தட்டச்சு செய்துவிட்டேன். இரண்டாம் தாளின் தலையில் மெனு பட்டை வந்து உட்கார்ந்திருக்கிறது. அதன் அடியில் மாட்டிக்கொண்ட இரண்டு ஏரிகளின் கொள்ளளவு மட்டும் இன்னும் தெரியவில்லை.